நடக்கலாம், நிக்கப்படாது

அம்பாசமுத்திரத்துப் பழைய வீடுகளுக்கு அகலம் கிடையாது, நீளம்தான். தெருவில் நின்று பார்த்தால் ஒரு கதவும் இரண்டு ஜன்னலும் தெரியும். உள்ளே நுழைந்தால் போய்க்கொண்டே இருக்கலாம். திண்ணை, அதைத் தாண்டித் தார்சா, பிறகு பட்டாசல், அதன் ஓரத்தில் பகலிலும் இருட்டாக இருக்கும் அரங்கு, அப்புறம் ரெண்டாங்கட்டு, அடுக்களை, வெயில் விழும் முற்றம், தொழுவம், கிணறு, கடைசியில் புறவாசல். புறவாசல் கதவைத் திறந்தால் ஆள் இடித்துக்கொண்டு போகிற முடுக்கு. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர்கள். வீட்டைச் சுற்றி வர வழியே இல்லை.

நாயை வீட்டுக்குள் எது வரைக்கும் விடலாம் என்று பேசுகிறவர்கள் நாயின் குணத்தைப் பற்றியும் பழக்குகிற விதத்தைப் பற்றியுமே பேசுகிறார்கள். எனக்கென்னவோ வீட்டைக் கட்டிய கொத்தனாரே பாதியைத் தீர்மானித்துவிடுகிறார் என்றுதான் தோன்றுகிறது. மீதியைத் தீர்மானிக்கிறவர் யார் என்பதில்தான் சங்கதி இருக்கிறது. எங்கள் வீட்டில் அது ஆச்சி.

1982-ல் ஜிம்மி வந்தது. அப்பா விக்கிரமசிங்கபுரம் மில்லில் கணக்குப் பிரிவில் இருந்தார். அங்கே பங்களாவில் குடியிருந்த அதிகாரி ஒருவர் கல்கத்தாவுக்கு மாற்றலாகிப் போனபோது நாயை அப்பாவிடம் கொடுத்துவிட்டார். வெள்ளை வெளேரென்று, கழுத்தைச் சுற்றிப் புசுபுசுவென்று முடி. பொமரேனியன் என்றார்கள். இப்போது இந்த வகையை இந்தியன் ஸ்பிட்ஸ் என்று சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் வெள்ளையாக, முடியாக, சின்னதாக இருந்தால் எல்லாம் பொமரேனியன்தான். பங்களாவில் அதற்கென்று தனி நாற்காலி இருந்ததாம். வந்த அன்றைக்கே தார்சாவில் கிடந்த தாத்தாவின் ஈசிசேரைப் பார்த்தது, தாத்தா அதில் படுத்திருப்பதையும் பார்த்தது, யோசிக்காமல் ஏறி அவர் காலடியில் சுருண்டுகொண்டது. தாத்தா பேப்பரைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை.

ஆச்சி சொன்னாள். நாங்கள் சைவப் பிள்ளைமார். அரங்குக்குள் சிவபூசைப் பெட்டி இருந்தது. அடுக்களைக்குள் குளிக்காமல் நாங்களே போக முடியாது. "அது தார்சாவோட இருக்கட்டும். அதுக்கு மேல ஒரு எட்டு வச்சா முடுக்குல கொண்டு விட்டுருவேன்" என்றாள். தீர்ப்பு எளிமையாகத்தான் இருந்தது. ஆனால் விடிந்ததும் சிக்கல் வந்தது. நாய் காலைக்கடனுக்கு எங்கே போகும்? தெருவில் விட்டால் தெருநாய்கள் பிய்த்துவிடும். முடுக்கு வழியாகச் சுற்றிக் கொண்டுபோனாலும் அதே கதைதான். தொழுவத்துப் பக்கம் கொண்டுபோக வேண்டுமென்றால் பட்டாசல், ரெண்டாங்கட்டு எல்லாவற்றையும் கடந்துதான் ஆக வேண்டும்.

ஆச்சி வெற்றிலை போட்டு முடிக்கிற நேரம் யோசித்தாள். "நடக்கலாம், நிக்கப்படாது" என்றாள். பட்டாசல் போகிற வழிதான், இருக்கிற இடம் இல்லை. தார்சாவில் கிளம்பினால் முற்றத்தில்தான் நிற்க வேண்டும், நடுவில் உட்காரக் கூடாது, மோந்து பார்க்கக் கூடாது. அடுக்களை நிலைப்படியை ஏறிட்டும் பார்க்கக் கூடாது. அரங்கு இருப்பதே அதற்குத் தெரியக் கூடாது. தட்டட்டிக்குப் போகலாம், வத்தல் வடகம் காயாத நாளாக இருந்தால்.

இவ்வளவு நுணுக்கமான சட்டம் நாய்க்குப் புரியுமா என்று அப்பா சிரித்தார். ஜிம்மிக்குப் புரிந்தது. தார்சாவின் கடைசிக் கல்லில் ஒரு நிமிஷம் நிற்கும். பிறகு தலையைத் தாழ்த்திக்கொண்டு பட்டாசலை ஒரே ஓட்டமாகக் கடக்கும். காவித் தரையில் நகம் படுகிற சத்தம் டக்டக்கென்று கேட்கும். சுவரில் பல்லி இருந்தால் ஓடிக்கொண்டே தலையை மட்டும் அந்தப் பக்கம் திருப்பும், கால் நிற்காது. வீட்டில் யாருமே இல்லாத மத்தியானங்களில் நான் அரங்குக் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்திருக்கிறேன். அப்போதும் ஓடித்தான் போகும்.

தாத்தா ஓய்வு பெற்ற தமிழாசிரியர். வாதம் பண்ணாமல் அவருக்குச் சோறு இறங்காது. மகாபாரதத்தின் கடைசியில் தருமரோடு மலை ஏறின நாயை எடுத்துக்கொண்டு வந்தார். நாயை விட்டுவிட்டுத் தேரில் ஏறு என்று இந்திரனே சொல்லியும், கூட வந்ததைக் கைவிட்டு எனக்குச் சொர்க்கம் வேண்டாம் என்று தருமர் நின்றுவிட்டார், அந்த நாய் யார், தர்மதேவதை என்று ஆச்சிக்கு முன்னால் ராகம் போட்டுச் சொன்னார். ஆச்சி முறத்தை விட்டுத் தலை தூக்காமல், "தருமர் கேட்டது சொர்க்கத்துக்குல்லா. என் அடுக்களைக்கா கேட்டாரு?" என்றாள். தாத்தா விடவில்லை. வைரவருக்கு நாய்தானே வாகனம், சிவன் கோயிலுக்குள்ளேயே நாய் நிற்கிறதே என்றார். "நிக்கிதுதான். எங்க நிக்கிதுன்னு பாத்தியளா? ஈசானிய மூலையில, பிரகாரத்துல. வைரவரே கருவறைக்குள்ள வரல, கேட்டேளா" என்று முடித்துவிட்டாள். கோயில் அமைப்பு உண்மையில் அப்படித்தான். பெரும்பாலான சிவாலயங்களில் வைரவர் வடகிழக்கு மூலையில்தான் நிற்கிறார். கோயிலைக் காவல் காக்கிறவர் வெளிச்சுற்றில்தான் இருக்க வேண்டும் என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆச்சி அதை வீட்டுக்குக் கொண்டுவந்து பொருத்திவிட்டாள். அதற்குப் பிறகு தாத்தா இதிகாசத்தை விட்டுவிட்டு ஈசிசேரோடு நிறுத்திக்கொண்டார்.

ஆச்சியின் கட்டுப்பாட்டை ஆசாரம் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட முடியாது. நாயின் முடியை அள்ளிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஸ்பிட்ஸ் நாய்க்கு அடிமுடி வேறு, மேல்முடி வேறு. வருஷத்தில் சில வாரம் அடிமுடி கொத்துக்கொத்தாக உதிரும். கறுப்புக் கல் பதித்த தரையில் பளிச்சென்று தெரிகிற வெள்ளை முடி, வடித்த சோற்றில் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது. வாயில் வைத்தால்தான் தெரியும். அம்மா ஒரு முறை கையை உதறிக்கொண்டு எழுந்ததும், அப்பா அதைப் பார்க்காததுபோல் இருந்ததும் நினைவிருக்கிறது.

உண்ணி வந்த வருஷம் அதைவிட மோசம். கோடை மழை பெய்து ஓய்ந்த சமயம். தார்சாச் சுவரில் கொள்ளுத் தாத்தா படத்தைத் துடைக்கக் கழற்றிய அத்தை அலறிக்கொண்டு நாற்காலியிலிருந்து குதித்தாள். படத்துக்குப் பின்னால் சுவர் நகர்ந்தது. ஆமணக்கு விதை மாதிரி உப்பிய சாம்பல் நிற உண்ணிகளும், அவற்றைச் சுற்றிக் கடுகைவிடச் சின்னச் சின்னக் குஞ்சுகளும். நாய் உண்ணி நாயின் மேலேயே குடியிருக்கிற ஜீவன் இல்லை. குஞ்சாக இருக்கும்போது ஒரு முறை, கொஞ்சம் வளர்ந்து ஒரு முறை, முழுசாக ஆனபின் ஒரு முறை என்று ஏறி ரத்தம் குடிக்கும். ஒவ்வொரு முறையும் கீழே விழுந்து, சுவர் வெடிப்புக்குள் போய்த் தோல் உரிக்கும். கீழே விழுந்தது தரையில் கிடக்காது, மேலே மேலே ஏறும். அதனால்தான் படத்துக்குப் பின்னாலும் உத்தரத்து இடுக்கிலும் கிடைக்கிறது. பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். காட்டுக்கும் மேட்டுக்கும் போகாமல் ஒரு வீட்டுக்குள்ளேயே அதன் மொத்த ஆயுளும் முடிந்துவிடும். ஆச்சி போட்ட கோட்டை ஜிம்மி மதித்தது, உண்ணி மதிக்கவில்லை. பட்டாசல் உத்தரத்திலும் இருந்தது. வீடு முழுக்கச் சுண்ணாம்பு அடித்தார்கள், வெடிப்புகளைப் பூசி அடைத்தார்கள், ஜிம்மிக்கு வேப்பெண்ணெய் தடவித் தொழுவத்தில் கட்டினார்கள். ராத்திரியெல்லாம் அது ஊளையிட்டது.

கடி பயமும் உண்டு. நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்பது அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பூச்சாண்டியைவிடப் பெரிய பயம். ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த மருந்து, குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டிலிருந்து அரசாங்க ஆஸ்பத்திரிக்கு வரும். அந்த வகை மருந்தை 2004-ஓடு இந்தியாவில் நிறுத்திவிட்டார்கள், இப்போது கையிலேயே சில ஊசிகளோடு முடிந்துவிடுகிறது. ஜிம்மி யாரையும் கடித்ததில்லை. ஆனாலும் கையில் காயம் இருக்கிற பிள்ளைகள் தார்சாப் பக்கம் போகக் கூடாது என்று ஒரு கிளைச் சட்டம் இருந்தது.

அம்மா வீட்டுக்குத் தூரமாக இருக்கிற மூன்று நாளும் தொழுவத்தை ஒட்டின சாய்ப்பில் உட்கார்ந்திருப்பாள். தனிப் பாய், தனித் தட்டு, தனிச் செம்பு. நாங்கள் தொடக் கூடாது. சோறு தூக்கித்தான் போடப்படும். ஜிம்மி எப்படியும் தினமும் முற்றத்துக்கு வருமே, வந்தது திரும்பிப் போகாமல் அம்மா பக்கத்தில் படுத்துக்கொண்டது. அம்மா அதன் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டே 'கலைமகள்' படிப்பாள். அதுவரை அப்பாவின் நாயாக இருந்தது அந்தச் சாய்ப்பில்தான் அம்மாவின் நாயாக மாறியது. வேறு யாரும் அவளைத் தொடாத நாட்கள் அவை.

இதில் ஆச்சிக்குப் புதுச் சிக்கல். அம்மாவைத் தொட்ட நாய் மறுபடி பட்டாசல் வழியாகத் தார்சாவுக்குப் போகிறதே. நாயைக் குளிப்பாட்டுவதா, மூன்று நாளும் தொழுவத்திலேயே கட்டுவதா என்று அத்தை கேட்டாள். ஆச்சி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நாய்க்குத் தீட்டு ஒட்டாது" என்றாள். எந்த சாஸ்திரத்தில் இருக்கிறது என்று தாத்தா கேட்டதற்கு, "நான் சொல்லுதேன்லா" என்று பதில் வந்தது. ஆச்சியின் தீர்ப்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ராத்திரி ஊளையை இன்னொரு தரம் கேட்க அவளுக்குத் தெம்பில்லை என்பது என் ஊகம்.

பாத்திரம் தேய்க்க வருகிற அக்கா முடுக்கு வழியாகப் புறவாசலுக்கு வருவாள். எச்சில் பாத்திரங்கள் கிணற்றடியில் குவித்து வைத்திருக்கும். தேய்த்துக் கவிழ்த்துவிட்டுப் போவாள். அவள் போன பிறகு ஆச்சி பாத்திரங்களின் மேல் தண்ணீர் தெளித்துத்தான் உள்ளே எடுப்பாள். தொழுவத்துக்கும் முற்றத்துக்கும் நடுவில் ஒரு துவைகல் கிடந்தது. அதுதான் அவளுக்கு எல்லை. ஒரு நாள் பாத்திரத்துக்குச் சாம்பல் போட்டுக்கொண்டே ஜிம்மி உள்ளே ஓடுவதைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சிரித்துக்கொண்டு சொன்னாள்: "இது வந்து ஒரு வருசம் இருக்குமாம்மா? அதுக்குள்ள ரெண்டாங்கட்டு, பட்டாசல் எல்லாம் பாத்துட்டு. நான் கலியாணம் ஆகி வந்த நாள்லேருந்து இந்தக் கல்லத் தாண்டுனது கெடையாது." அம்மா பதில் சொல்லவில்லை. அவள் சாய்ப்பில் உட்கார்ந்திருந்த நாள் அது. அன்றைக்கு அவளுக்கும் அந்தக் கல்தான் எல்லை.

ஜிம்மி பதின்மூன்று வயது வரை இருந்தது. ஆச்சி அதற்கு முன்பே போய்விட்டாள். அவள் போன பிறகும் ஜிம்மி பட்டாசலில் நிற்கவில்லை. வயதாகி ஓட முடியாமல் போனபோது நொண்டிக்கொண்டே, ஆனால் நிற்காமல் கடந்தது.

பிறகு எனக்குக் கல்யாணம், மதுரை, வாடகை வீடுகள். அங்கே இந்தக் கேள்வியே எழவில்லை. அசைவம் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது, நாய் கூடாது என்று வீட்டுக்காரர்களே முடித்துவிடுவார்கள்.

சென்னையில் சொந்தமாக ஃபிளாட் வாங்கிக் குடியேறிச் சில வருஷம் கழித்து, மகள் ஒரு மழை நாளில் துப்பட்டாவுக்குள் வைத்து ஒரு குட்டியைக் கொண்டுவந்தாள். தெருவில் நிறுத்தியிருந்த காருக்கு அடியில் பிறந்தது. நாட்டு நாய், செம்பழுப்பு உடம்பு, கறுத்த மூஞ்சி. பட்டாணி என்று பேர் வைத்தாள். கூட இருக்கும் அம்மாவுக்கு எல்லா நாயும் ஜிம்மிதான் என்பதால் அது இரண்டு பேருக்கும் திரும்பிப் பார்க்கிறது.

எங்கே விடுவது என்று முடிவு செய்யச் சாப்பாட்டு மேஜையில் கூட்டம் கூடியது. மகள், பில்டர் கொடுத்த வரைபடத்தை விரித்துப் பச்சை, சிவப்பு பேனாக்களோடு உட்கார்ந்தாள். பார்க்கப் பார்க்க எனக்கு ஆச்சி ஞாபகம். காரணங்கள்தான் வேறு, கோடு விழுகிற இடங்கள் அனேகமாக அவையேதான். சமையல்கட்டு கூடாது என்றேன். ஆச்சிக்கு அது தீட்டு, எனக்கு வெங்காயம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். திராட்சையும் உலர்ந்த திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும் சர்க்கரையில்லாத சூயிங்கத்தில் இருக்கிற சைலிட்டாலும் உயிருக்கே ஆபத்து. தாளிக்கும்போது தெறிக்கிற எண்ணெய் வேறு. ஜிம்மிக்கு ஆச்சி தயிர்ச்சோறு தவிர வேறெதுவும் போட்டதில்லை. அதனால் தப்பித்தது. (சோறு தின்று வாழ்கிற நாயைப் பார்த்துப் பரிதாபப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி: மாவுச்சத்தைச் செரிக்கிற மரபணு ஓநாயைவிட நாய்க்குப் பல மடங்கு பெருகியிருக்கிறது என்று 2013-ல் வெளியான ஆய்வு காட்டியது. மனிதனுடைய சோற்றைத் தின்றே நாய் நாயாயிற்று.)

ஆனால் எங்கள் ஃபிளாட்டில் சமையல்கட்டுக்குக் கதவே கிடையாது. ஓப்பன் கிச்சன். ஹாலும் அதுவும் ஒன்று. அம்பாசமுத்திரத்தில் எட்டு நிலைப்படி இருந்ததால் கஷ்டம், இங்கே ஒன்றுமே இல்லாததால் கஷ்டம். குழந்தைகளுக்காக விற்கிற கம்பித் தடுப்பு ஒன்று வாங்கிப் பொருத்தினோம். நாங்கள் அதைத் தாண்டித் தாண்டிப் போனதில் முதலில் கால் பிசகியது என் கணவருக்கு.

படுக்கையறை விஷயத்தில்தான் வேடிக்கை. மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு. டாக்டரிடம் கேட்டோம். ஒவ்வாமை நாயின் முடியால் வருவதில்லை, அதன் எச்சிலிலும் தோல் செதிலிலும் இருக்கிற புரதத்தால் வருவது, முடியை வெட்டினாலும் போகாது என்றார். நாயைத் திருப்பிக் கொடுக்க மனசில்லையென்றால் அவள் தூங்குகிற அறைக்குள் மட்டும் ஒருபோதும் விடாதீர்கள், மெத்தையில் ஏறவே கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். கொண்டுவந்தவளின் அறை ஒன்றுதான் இப்போது வரைபடத்தில் முழுச் சிவப்பு. பட்டாணி அம்மாவின் அறையில் படுக்கிறது. கட்டிலுக்குக் கீழே என்று ஏற்பாடு. எழுபத்தெட்டு வயதில் அம்மாவுக்கு முன்தூக்கம் வராது. விளக்கணைத்த பிறகு மேலே வரவழைத்துக்கொள்கிறாள் என்பது போர்வையைத் துவைக்கிற எனக்குத் தெரியும். "சாய்ப்புல எங்கூட இருந்தது ஜிம்மி மட்டும்தானே" என்று ஒருநாள் சொன்னாள். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. அதே அம்மாதான் சமையல்கட்டுக் கம்பிக் கதவு திறந்து கிடந்தால் முதலில் சத்தம் போடுகிறவள். பூஜை அலமாரியைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. "அது உசரத்துலல்லா இருக்கு, நாய் என்ன ஏணி போட்டா ஏறும்?"

சோபாவில் ஏறக் கூடாது என்று சட்டம் போட்டவர் என் கணவர். ராத்திரி கிரிக்கெட் பார்க்கும்போது பக்கத்தில் ஏற்றிக்கொள்கிறவரும் அவர்தான். காலையில் அது சோபாவில் கிடந்தால் அதட்டுவார். தினமும் கிடைக்கிற சலுகையைவிட எப்போதாவது கிடைக்கிற சலுகைதான் நாயின் மனசில் ஆழமாக இறங்கும். ஒரு நாள் கிடைத்தது, இன்றைக்கும் கிடைக்கலாம் என்று அது முயன்றுகொண்டே இருக்கும். ஆச்சியின் சட்டம் எவ்வளவு சிக்கலாக இருந்தாலும் அதில் கிரிக்கெட் இல்லை.

யாரும் எதிர்பார்க்காத ஒன்று தரை. வழவழவென்று போட்ட விட்ரிஃபைட் டைல்ஸில் குட்டிக்குக் கால் நிற்கவில்லை. நான்கு காலும் நான்கு திசைக்கு வழுக்கிக்கொண்டு போய் வயிறு தரையில் படும். வளர்கிற வயதில் இப்படி வழுக்கினால் இடுப்பு மூட்டுக்கு ஆகாது என்று கால்நடை மருத்துவர் சொன்னதால் பழைய ஜமுக்காளங்களையும் கால்மிதிகளையும் அங்கங்கே போட்டோம். பட்டாணி ஒரு கால்மிதியிலிருந்து அடுத்த கால்மிதிக்குக் குறிபார்த்துத் தாவும். இடைவெளி அதிகமாக இருந்தால் ஓரத்தில் முன்னங்காலை வைத்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். மகள் பேனாவால் போட்ட கோடுகளையெல்லாம் விட்டுவிட்டு, கால்மிதி இருக்கிற இடம் வீடு, இல்லாத இடம் வீடில்லை என்று அதுவே முடிவு செய்துகொண்டது. நாங்களும் வேண்டாத இடங்களில் கால்மிதியை எடுத்துவிட்டோம்.

பால்கனியிலேயே வைத்துவிடுங்களேன் என்று வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு தரம் சொல்வார்கள். எங்கள் பால்கனி மேற்குப் பார்த்தது. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தடியில் கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். சென்னை மே மாதத்தில் நாலு மணி வெயிலில் அங்கே நிறுத்துவது வதை.

அடுத்த ஃபிளாட்டில் காயல்பட்டினத்துக்காரர்கள். வெகு பிரியமானவர்கள், நோன்புக் கஞ்சி எங்களுக்கு வராமல் இருக்காது. அவர்கள் ஷாஃபி வழி. நாய் எச்சில் பட்ட பாத்திரத்தை ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்த தண்ணீரால். நாய் வந்த பிறகு அந்த அம்மா வாசலோடு நின்று பேசிவிட்டுப் போக ஆரம்பித்தார். நானே போய்க் கேட்டேன். "எங்க ஊர்ல தோட்டத்துக் காவலுக்கு நாய் உண்டு. தோட்டத்தோட சரி" என்றார் சங்கடத்தோடு. இப்போது அவர் வருகிற நேரம் பட்டாணி அம்மா அறையில், கதவு சாத்தி. தரையைத் துடைத்துவிட்டுப் புது விரிப்பு போடுகிறோம். எனக்கு இதில் ஒரு வருத்தமும் இல்லை. விருந்தாளிக்காக வீட்டில் எதையாவது ஒதுங்க வைப்பது நமக்குப் புதிதா என்ன.

பிறகு அந்த நோட்டீஸ் வந்தது. குடியிருப்போர் சங்கம் எல்லா மாடியிலும் ஒட்டியது. வீட்டு வேலை செய்பவர்கள், டெலிவரி ஆட்கள், வளர்ப்பு நாய்கள் இனிமேல் சர்வீஸ் லிப்டை மட்டுமே பயன்படுத்த வேண்டும். ஒரே வாக்கியம், நடுவில் இரண்டு கமா. கிணற்றடித் துவைகல்லை யாரோ தூக்கிக்கொண்டு வந்து லிப்ட் வாசலில் போட்டிருந்தார்கள்.

நாய் வளர்க்கிறவர்கள் சும்மா இருக்கவில்லை. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலை அச்செடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனார்கள். குடியிருப்புச் சங்கங்கள் வளர்ப்பு நாய்களைத் தடைசெய்யவோ, அவற்றுக்கு லிப்டை மறுக்கவோ கூடாது என்று அதில் இருக்கிறது. அந்த வாரியமே 1962-ல் ருக்மிணி தேவி அருண்டேல் தலைமையில் தொடங்கியது. 2018-ல் ஹரியானாவுக்குப் போகிற வரை அதன் அலுவலகம் இந்தச் சென்னையில்தான் இருந்தது. சங்கத்துக்காரர்கள் படித்துப் பார்த்தார்கள். அடுத்த வாரம் திருத்திய நோட்டீஸ் ஒட்டினார்கள். நாய்களை மட்டும் எடுத்திருந்தார்கள். மற்ற இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். அவர்களையும் எடுத்துவிடலாமே என்று கேட்டதற்கு, அது அஜெண்டாவில் இல்லை என்றார் செயலாளர்.

எங்கள் வீட்டில் வேலை செய்கிறவர் அந்த நோட்டீஸை நின்று முழுசாகப் படித்துவிட்டுத்தான் மேலே வந்தார். "நாய்க்கு வாரியம் இருக்குதாமே அக்கா" என்றார். ஆமாம் என்றேன். "எங்களுக்கும் இருக்குது. வீட்டுப் பணியாளர் நல வாரியம். கார்டு கூட வெச்சிருக்கேன். அதுல லிப்டப் பத்தி ஒண்ணும் போடல" என்று சொல்லிவிட்டு மாப்பை நனைத்தார்.

பட்டாணி எங்கே இருக்கலாம் என்று மேஜையில் கூடின நாங்கள் அவரிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தினமும் தரையைத் துடைக்கிறவர் அவர். பட்டாணி வந்த முதல் வாரமே அவர் தன் சட்டத்தைத் தானே போட்டுக்கொண்டார். துடைக்கிற நேரம் பட்டாணி அம்மா அறை வாசலில் உட்கார வேண்டும், தரை காய்ந்து அவர் "ம்" என்று சொன்ன பிறகுதான் எழுந்திருக்க வேண்டும். கம்பிக் கதவு இல்லை, பிஸ்கட் இல்லை, சத்தம் இல்லை. ஆனால் ஒரு நாள்கூட மாற்றியதில்லை. வீட்டில் இத்தனை பேர் போட்ட சட்டங்களில் பட்டாணி பிசகாமல் கேட்பது இது ஒன்றுதான்.

சாயங்காலம் நாயைக் கீழே நடத்திக்கொண்டு போகிற வேலையையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சில நாளில் அவரே சொன்னார். காலையில் வருகிறபோது இன்னமும் சர்வீஸ் லிப்டுக்குத்தான் காத்திருக்கிறார், அது அடிக்கடி பழுது. சாயங்காலம் அப்படியில்லை. பட்டாணியின் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு மெயின் லிப்டில் ஏறினால் செக்யூரிட்டியும் கேட்பதில்லை, உள்ளே இருப்பவர்களும் கேட்பதில்லையாம். "நாயி போற லிப்ட்டுன்னா நாயப் புடிச்சிருக்கறவளும் போலாம் இல்ல?" என்றார். நடத்துவதற்கு மாதம் ஐந்நூறு தனி என்பதையும் அப்போதே பேசி முடித்துவிட்டார்.